விசாவும் இல்லை, விசாரணையும் இல்லை

2005ஆம் ஆண்டு மார்ச் 20ந் தேதி. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். 1971ல் முகம்மது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய இடம். அன்று அங்கே திரண்டிருந்தவர்கள் அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்கள், அதிலும் பெரும்பாலும் குஜராத்திகள். பேச வேண்டிய பிரமுகர் மட்டும் மேடையில் இல்லை. குஜராத்தில் இருந்தபடியே செயற்கைக்கோள் வழியாகத் திரையில் தோன்றிப் பேசினார் மாநில முதல்வர் நரேந்திர மோடி. இரண்டு நாள் முன்புதான் அவருக்கு விசா இல்லை என்று அமெரிக்கா கைவிரித்திருந்தது.

அந்தப் பயணத்தில் ஃபுளோரிடாவில் நடந்த ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்க மாநாட்டிலும் அவர் பேசுவதாக இருந்தது. அமெரிக்க நெடுஞ்சாலை மோட்டல்களில் பட்டேல்களின் செல்வாக்கு ஊரறிந்தது. வரவேற்க ஆள் இருந்தது, அரங்கு தயாராக இருந்தது, வாசல்தான் திறக்கவில்லை.

மார்ச் 18 அன்று புதுதில்லியில் இருந்த அமெரிக்கத் தூதரகம் சொன்னது உண்மையில் இரண்டு விஷயங்கள். முதலாவது, மோடி கேட்டிருந்த ராஜதந்திர விசா பற்றியது. அவர் போகும் காரியம் அந்த வகை விசாவுக்குப் பொருந்தாது என்று தூதரகம் நிராகரித்தது. இது வெறும் நிர்வாகக் காரணம், யாருக்கும் நேரக்கூடியது. இரண்டாவதுதான் இடி. அவரிடம் ஏற்கனவே இருந்த சுற்றுலா-வணிக விசாவும் ரத்து. அதற்குக் காட்டிய சட்டப் பிரிவு, மதச் சுதந்திரத்தை மிகக் கடுமையாக மீறிய செயல்களுக்குப் பொறுப்பான, அல்லது அவற்றை நேரடியாகச் செய்த அயல்நாட்டு அரசு அதிகாரிகளை உள்ளே விடக்கூடாது என்கிறது. இந்தப் பிரிவின்கீழ் தடுக்கப்பட்டதாக வெளியுலகுக்குத் தெரிந்த ஒரே மனிதர் மோடிதான்.

அந்தப் பிரிவுக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1998ல் கிளிண்டன் காலத்தில் வந்த சர்வதேச மதச் சுதந்திரச் சட்டம் அது. எழுதியபோது அதில் ஒரு காலவரையறை இருந்தது: கடைசி 24 மாதத்துக்குள் நடந்த செயல்களுக்கு மட்டுமே பொருந்தும். 2004 டிசம்பரில், பயங்கரவாதத் தடுப்புக்காக நிறைவேறிய பெரிய மசோதா ஒன்றின் மூலையில், அந்த 24 மாத வரம்பை நீக்கிவிட்டார்கள். குஜராத் கலவரம் நடந்தது 2002 பிப்ரவரி கடைசியில் தொடங்கி. பழைய வாசகமே நீடித்திருந்தால், 2005 மார்ச்சில் இந்தப் பிரிவு அவரைத் தொட்டிருக்காது. இது மோடியை மனதில் வைத்துச் செய்த திருத்தம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் சட்டத்தின் கதவில் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்பதில் எவ்வளவு தற்செயல் கலந்திருக்கிறது என்பதற்கு இது போதும்.

தில்லியில் அப்போது இருந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. குஜராத் விவகாரத்தில் மோடியைத் தேர்தல் மேடைதோறும் சாடியவர்கள் அவர்கள். ஆனால் விசா ரத்தானதும் அமெரிக்கத் துணைத் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்ததும் அவர்களேதான். மறுநாள் மாநிலங்களவையில் பிரதமர் மன்மோகன் சிங் பேசியதன் சாரம் இது: விசா கொடுப்பதும் மறுப்பதும் அமெரிக்காவின் இறையாண்மை உரிமை, அதை மதிக்கிறோம். ஆனால் முறையான சட்ட நடவடிக்கைக்குக் குறைந்த எதையும், வெறும் குற்றச்சாட்டுகளை, வைத்துக்கொண்டு இந்தியாவில் அரசியல் சட்டப் பதவி வகிக்கும் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

எதிரிக்காக வாதாடியது என்று அன்று இதைப் பாராட்டியவர்களும் உண்டு, பரிகசித்தவர்களும் உண்டு. இரு தரப்பும் கவனிக்காமல் விட்ட ஒன்று, அமெரிக்கத் தூதர் டேவிட் மல்ஃபோர்டு வெளியிட்ட விளக்கத்தில் இருந்தது. அமெரிக்காவின் முடிவுக்கு ஆதாரமாக அவர் காட்டிய வெளியுறவுத் துறை அறிக்கைகள் மேற்கோள் காட்டியது வேறெதையும் அல்ல, இந்தியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் 2002ல் சொன்னதைத்தான். உரிமை மீறல்களைத் தடுக்க மாநில அரசு முழுமையாகத் தவறிவிட்டது என்று முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான ஆணையம் எழுதியிருந்தது. தில்லியில் அலமாரியில் கிடந்த அறிக்கையை எடுத்துப் படித்து நடவடிக்கை எடுக்க ஒரு அயல்நாட்டு விசா அதிகாரி வரவேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கதையின் சங்கடமான பகுதி. கோத்ராவில் ரயில் பெட்டி எரிந்து 59 பேர் மாண்டார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 790 முஸ்லிம்களும் 254 இந்துக்களும் இறந்ததாக மத்திய அரசே 2005ல் நாடாளுமன்றத்தில் சொன்னது. இவ்வளவு சாவுக்கும் உள்நாட்டில் அரசியல் பொறுப்பு யார் மீதும் விழாத நிலையில், விசா மறுப்பை ஒரு தண்டனையாகவே பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுக்காகப் போராடியவர்களும் எண்ணிக்கொண்டார்கள்.

அது தண்டனைதானா?

விசா என்பது சட்டத்தின் கண்ணில் உரிமை அல்ல, சலுகை. சலுகையைத் திரும்பப் பெறும்போது காரணம் சொல்ல வேண்டியதில்லை. சாட்சிகளைக் கூப்பிட வேண்டியதில்லை. மேல்முறையீடும் இல்லை. எங்கோ ஒரு தூதரகத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி மறுத்துவிட்டால் அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக அதில் தலையிடுவதில்லை. இதை உறுதி செய்தது 1972ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த எர்னஸ்ட் மாண்டெல் வழக்குத் தீர்ப்பு. மாண்டெல் பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க்சியப் பொருளாதார அறிஞர். 1969ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பேச அழைத்தது. அரசு விசா மறுத்தது. முந்தைய பயணங்களில் நிபந்தனைகளை மீறினார் என்பது குற்றச்சாட்டு. வேடிக்கை என்னவென்றால், முந்தைய முறைகளில் தனக்கு விசேஷ விலக்கின்பேரில் விசா தரப்பட்டது என்பதோ, அதற்கு நிபந்தனைகள் இருந்தன என்பதோ அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கவே இல்லை.

வழக்கில் இன்னொரு நுட்பம். அயல்நாட்டுக்காரரான மாண்டெலுக்கு அமெரிக்காவில் நுழையும் உரிமை எதுவும் கிடையாது என்பதால், அவரது பேச்சைக் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அமெரிக்கப் பேராசிரியர்களே வழக்காட வேண்டியிருந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் அரசின் பக்கம் நின்றார்கள். மேலோட்டமாக நியாயமான காரணம் ஒன்றை அரசு சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பின்னால் நீதிமன்றம் எட்டிப் பார்க்காது என்றது தீர்ப்பு. அரை நூற்றாண்டு கடந்தும் அமெரிக்காவின் வாசற்படி இந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது.

வீட்டுக்குள் இருப்பவரை வெளியேற்றுவதென்றால் விசாரணை வேண்டும், ஆதாரம் வேண்டும், அவர் வக்கீல் வைத்து வாதாடுவார். வெளியே போனவரைத் திரும்பி வராதே என்று சொல்ல ஒரு அறிவிப்பு போதும். இந்த வித்தியாசத்தை அரசாங்கங்கள் எவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருக்கின்றன என்பதற்குச் சார்லி சாப்ளினைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சாப்ளின் லண்டனில் பிறந்தவர். சுமார் 40 வருடம் அமெரிக்காவில் வாழ்ந்தும் குடியுரிமை வாங்கிக்கொள்ளவில்லை. அதுவே பலருக்கு உறுத்தல். இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியனுக்கு ஆதரவாக மேடையேறியது, கம்யூனிஸ்டுகளோடு பழகியது, 1947ல் வந்த 'மான்சியர் வெர்டூ' படத்தில் போரையும் வியாபாரத்தையும் ஒரே தராசில் வைத்தது, போதாக்குறைக்குப் பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்குகள் எல்லாம் சேர்ந்து எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரின் கோப்பு தடித்துக்கொண்டே போனது. பெண் தொடர்பாக வந்த கிரிமினல் வழக்கில் 1944ல் நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. நாடு கடத்தலாம் என்றால் அதற்கும் நீதிமன்றம் போக வேண்டும். அங்கே நிற்குமா?

1952 செப்டம்பரில் சாப்ளினே வழி செய்து கொடுத்தார். 'லைம்லைட்' படத்தின் முதல் காட்சிக்காக, திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டை முறைப்படி வாங்கிக்கொண்டு, மனைவி ஊனாவோடும் குழந்தைகளோடும் 'குவீன் எலிசபெத்' கப்பலில் லண்டனுக்குப் புறப்பட்டார். கப்பல் நடுக்கடலில் இருந்தபோது, செப்டம்பர் 19 அன்று அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் மெக்ரானரி அந்த அனுமதியை ரத்து செய்தார். மீண்டும் வரவேண்டுமானால் அரசியல் கருத்துகள் பற்றியும் ஒழுக்கம் பற்றியும் அதிகாரிகளின் விசாரணைக்கு உட்பட வேண்டும். நடுக்கடலில் இருப்பவர் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

பணமெல்லாம் அமெரிக்காவில். நவம்பரில் ஊனா தனியாகப் பறந்து போய் வங்கிக் கணக்குகளைத் தீர்த்து எடுத்துவர வேண்டியிருந்தது. அவர் அமெரிக்கப் பிரஜை என்பதால் அது முடிந்தது. குடும்பம் சுவிட்சர்லாந்தில் வெவே ஊருக்குப் பக்கத்தில் குடியேறியது. 1953 ஏப்ரலில் தனது அனுமதிச் சீட்டை ஜெனீவாவில் இருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார் சாப்ளின். பின்னாளில், 1980களில், அரசுக் கோப்புகள் வெளிவந்தபோது தெரிந்தது: அவர் பிடிவாதமாகத் திரும்பி வந்திருந்தால் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அதிகாரிகளிடம் உருப்படியான ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. கதவு பூட்டப்படவே இல்லை. பூட்டியிருப்பதாக அறிவித்ததே போதுமானதாக இருந்தது.

1972 ஏப்ரலில், 83வது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருந்தபோது, கௌரவ ஆஸ்கர் வாங்க அவர் வந்தார். அரங்கமே எழுந்து நின்று 12 நிமிடம் கைதட்டியது. அடுத்த ஆண்டு இன்னொரு ஆஸ்கர். 20 வயதான 'லைம்லைட்' படத்தின் இசைக்கு! புறக்கணிப்புக்குப் பயந்து அந்தப் படத்தை லாஸ் ஏஞ்சலஸ் தியேட்டர்கள் 1972 வரை திரையிடவே இல்லை. விதிப்படி அங்கே ஓடினால்தான் போட்டியில் சேர்க்க முடியும். கைதட்டல் கிடைத்தது, 1952ல் நடந்தது தவறு என்று ஓர் அரசாங்கக் காகிதம் கிடைக்கவில்லை.

பதவி உயர்ந்தால் தடை தானாக விலகும் என்ற எண்ணம் மோடி விஷயத்தால் பரவியிருக்கிறது. எப்போதும் அப்படியல்ல. ஆஸ்திரியாவின் கர்ட் வால்ட்ஹைம் 1972 முதல் 1981 வரை பத்து ஆண்டுகள் ஐ.நா. பொதுச் செயலாளராக நியூயார்க்கில் வாழ்ந்தவர். 1986ல் ஆஸ்திரிய ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோதுதான், இரண்டாம் உலகப் போரில் பால்கன் பகுதியில் ஹிட்லரின் ராணுவத்தில் அவர் செய்த வேலையைப் பற்றித் தன் வரலாற்றில் மறைத்திருந்தது வெளியே வந்தது. மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1987 ஏப்ரலில் அமெரிக்கா அவரைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. நட்பு நாடு ஒன்றின் ஜனாதிபதி, பதவியில் இருக்கும்போதே! போர்க் குற்றம் செய்ததாக எந்த நீதிமன்றமும் அவர்மீது தீர்ப்பளிக்கவில்லை. ஆனாலும் 2007ல் சாகும்வரை தடை நீங்கவில்லை. தான் பத்தாண்டு தலைமை வகித்த ஐ.நா. கட்டடத்துக்குள் அவர் மறுபடி காலடி வைக்கவே முடியவில்லை.

ஐ.நா.வின் வாசலே அமெரிக்காவின் கையில் இருப்பது தனிச் சிக்கல். ஐ.நா. அலுவலாக வருபவர்களைத் தடுப்பதில்லை என்று 1947ல் செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கிறது. இருந்தும் 1988 நவம்பரில் யாசர் அராபத்துக்கு விசா மறுத்தார் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷூல்ட்ஸ். விருந்தாளி வீட்டுக்கு வர முடியாதென்றால் வீடு விருந்தாளியிடம் போகட்டும் என்று பொதுச் சபை முடிவெடுத்தது. உறுப்பினர்கள் கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஜெனீவாவுக்குப் பறந்தார்கள். டிசம்பர் 13 அன்று அராபத் அங்கே பேசினார். நியூயார்க்கில் பேசியிருந்தால் கிடைத்திருக்கும் கவனத்தைவிடப் பல மடங்கு அதிகம் கிடைத்தது. அடுத்த நாளே அமெரிக்கா அவரோடு பேச்சு நடத்தச் சம்மதித்தது! 2025ல் பாலஸ்தீனத் தலைவர் மகமூத் அப்பாஸுக்கு அதே மறுப்பு வந்தபோது யாரும் ஜெனீவாவுக்குப் போகவில்லை. அவர் வீடியோவில் பேசினார். தொழில்நுட்பம் வளர்ந்ததில் தடை விதிப்பவர்களுக்கும் சற்று வசதிதான்.

சீனாவின் பாணி வேறு. சின்ஜியாங், ஹாங்காங் விவகாரங்களில் கடுமையாகப் பேசிய அமெரிக்க செனட்டர் மார்க்கோ ரூபியோவை 2020ல் பெய்ஜிங் இரண்டு முறை தடைப் பட்டியலில் சேர்த்தது. அவர் சீனாவுக்குள் கால் வைக்க முடியாதவராகவே கருதப்பட்டார். 2025 ஜனவரியில் அவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சராகிவிட்டார். அதே சமயத்தில் சீன வெளியுறவுத் துறையின் ஆவணங்களில் அவர் பெயரின் முதல் ஒலிக்கு எழுதும் எழுத்து மாறியது. உச்சரிப்பு கிட்டத்தட்ட அதுவே, எழுத்து மட்டும் வேறு. பட்டியலில் உள்ளவர் பழைய எழுத்துக்காரர், பேச்சுவார்த்தைக்கு வருபவர் புதிய எழுத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது பார்வையாளர்களின் ஊகம். பெயர்ச்சொல்லை மொழிபெயர்ப்பதில் இவ்வளவு ராஜதந்திரம் இருக்கிறது என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கே புதுச் செய்தி.

மோடி விஷயத்தில் அமெரிக்காவுக்கு எழுத்தை மாற்றும் சிரமம்கூட இருக்கவில்லை. 2005க்குப் பிறகு அவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. யாரையும்போல அவரும் விண்ணப்பிக்கலாம், பரிசீலிப்போம் என்று வாஷிங்டன் வருடக்கணக்கில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இடையில் வியாபாரத்துக்கு எந்தக் குறையும் இல்லை. 2011ல் ஃபோர்டு நிறுவனம் குஜராத்தின் சாணந்தில் கார் ஆலை அமைக்க மாநில அரசோடு ஒப்பந்தம் போட்டது. மோடி டெட்ராய்ட் போக முடியாது, டெட்ராய்ட் மோடியிடம் வரலாம். 2012 அக்டோபரில் பிரிட்டிஷ் தூதர் காந்திநகர் போய் அவரைச் சந்தித்தார். 2013ல், அவருக்கு விசா கொடுக்க வேண்டாம் என்று இந்திய எம்.பி.க்கள் 65 பேர் ஒபாமாவுக்கு எழுதிய கடிதம் வெளியாகி ரகளை ஆனது. கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்பட்ட சீதாராம் யெச்சூரி உள்ளிட்ட சிலர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். உள்நாட்டு அரசியல் சண்டையை அடுத்த நாட்டு ஜனாதிபதியின் மேஜைக்கு எடுத்துப் போவது அழகல்ல என்ற முணுமுணுப்பு மோடியின் எதிர்ப்பாளர்களிடையேகூட இருந்தது.

2014 பிப்ரவரியில், கருத்துக் கணிப்புகள் திசை காட்டிய பிறகு, அமெரிக்கத் தூதர் நான்சி பவல் காந்திநகருக்குப் போனார். மே 16 அன்று வாக்கு எண்ணிக்கை. அன்றே ஒபாமா தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லி வாஷிங்டனுக்கு அழைத்தார். செப்டம்பர் 28 அன்று அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில், இம்முறை சுழலும் மேடையில், நேரிலேயே நின்று பேசினார் மோடி. நவராத்திரி விரதம் என்பதால் வெள்ளை மாளிகை விருந்தில் வெந்நீர் மட்டும் அருந்தினார். 2016லும் 2023லும் அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் உரையாற்றினார்.

தடை எப்போது நீங்கியது? நீங்கவில்லை என்பதுதான் சரியான பதில். 2005ல் எடுத்த முடிவு தவறு என்று அமெரிக்கா சொல்லவில்லை. மோடி குற்றமற்றவர் என்று கண்டுபிடித்ததாகவும் சொல்லவில்லை. அரசுத் தலைவர்களுக்கு உள்ள ராஜதந்திரப் பாதுகாப்பு அவருக்கும் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். 2022 நவம்பரில் இது பட்டவர்த்தனமானது. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலை தொடர்பான வழக்கில் சௌதி இளவரசர் முகம்மது பின் சல்மானுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்ததை நியாயப்படுத்த வந்த அமெரிக்க வெளியுறவுத் துறைப் பேச்சாளர், முன்பு இதே போலப் பாதுகாப்புப் பெற்றவர்கள் என்று ஒரு வரிசையை வாசித்தார். ஹைட்டியின் அரிஸ்டீட், ஜிம்பாப்வேயின் முகாபே, இந்தியாவின் மோடி, காங்கோவின் கபிலா. நெருங்கிய கூட்டாளி நாட்டின் பிரதமரை இப்படி ஒரு வரிசையில் உட்கார வைத்தது பொருத்தமும் இல்லை, அவசியமும் இல்லை என்று தில்லி முகம் சுளித்தது. நியாயமான சுளிப்பு. ஆனால் பேச்சாளர் பொய் சொல்லவில்லை. விசாரிக்காமல் பட்டியலில் சேர்த்தால், விசாரிக்காமல் வெளியே விட்டாலும் பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்.

கலவரத்தில் கொல்லப்பட்ட முன்னாள் எம்.பி. எஹ்சான் ஜாஃப்ரியின் மனைவி ஜாகியா ஜாஃப்ரி இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. அவர் நம்பியது அகமதாபாத், தில்லி நீதிமன்றங்களை. வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று 2012ல் சிறப்புப் புலனாய்வுக் குழு சொன்னதை எதிர்த்தார். மாஜிஸ்திரேட் கோர்ட், உயர் நீதிமன்றம் என்று படியேறி உச்ச நீதிமன்றம் வரை போனார். 2022 ஜூன் 24 அன்று அங்கேயும் தோற்றார். 2025 பிப்ரவரியில் காலமானார். தீர்ப்பை ஏற்பவர்களும் விமர்சிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது எழுத்தில் இருக்கிறது, காரணம் சொல்கிறது, படித்து மறுக்க முடியும். தூதரகம் 2005ல் தந்த முடிவில் இந்த மூன்றும் இல்லை. ஒன்பது ஆண்டு அதையே நீதி என்று நம்பியவர்களுக்கு ஒரு தேர்தல் முடிவு வந்த மாலையில் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

இந்தியாவிடமும் வாசல் இருக்கிறது. அதுவும் காரணம் சொல்லாமல்தான் மூடுகிறது. பம்பாயில் பிறந்த சல்மான் ருஷ்டிக்கு, 1988ல் அவரது நாவலின் இறக்குமதியைத் தடை செய்த பிறகு, பத்தாண்டுக்கு மேல் விசா கிடைக்கவில்லை. காங்கிரஸ், தேசிய முன்னணி, ஐக்கிய முன்னணி என்று ஆட்சிகள் மாறின, மறுப்பு மாறவில்லை. 1999ல் வாஜ்பாய் அரசு விசா கொடுத்தது. 2000 ஏப்ரலில் மகனை அழைத்துக்கொண்டு வந்து தான் பிறந்த நாட்டைக் காட்டினார் ருஷ்டி. புத்தகத் தடையின் கதை இன்னும் விசித்திரம். 2024ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் அந்தத் தடை உத்தரவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது எந்தத் துறையாலும் அதைத் தேடி எடுக்க முடியவில்லை. அப்படி ஒரு உத்தரவு இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்றது நீதிமன்றம்.

1980களில் வெளிநாடுகளில் தஞ்சம் புகுந்த சீக்கியர்கள் பலர் ஒரு கறுப்புப் பட்டியலில் இருந்தார்கள். 2019 செப்டம்பரில் 314 பெயர்களில் 312 நீக்கப்பட்டன. ஊரில் தாய் தகப்பன் சாவுக்கு வர முடியாமல் போன வருடங்களுக்கு யார் கணக்குச் சொல்வது? பிற நாடுகள் நம்மவர்களை நிறுத்தும்போது மட்டும் இந்தக் கேள்வி உரக்கக் கேட்கிறது. 2017 ஜூன் 9 அன்று பினாங்கு துணை முதல்வர் ராமசாமியின் இல்லத் திருமணத்துக்குப் போன வைகோவை கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே நிறுத்தி, புலிகளோடு தொடர்புடைய ஆபத்தான நபர் என்று திருப்பி அனுப்பியது மலேசியா. தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடின்றிக் கண்டனம். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் எம்.பி. டெபி ஆப்ரஹாம்ஸை தில்லி விமான நிலையத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பியபோதும், 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசே அழைத்திருந்த பேராசிரியை நிதாஷா கௌலை பெங்களூரில் இறங்க விடாதபோதும் அந்தக் குரல் அவ்வளவு ஓங்கவில்லை.

2025 அக்டோபரில் லண்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை பிரான்செஸ்கா ஓர்சினி தில்லியில் வந்திறங்கினார். ஹிந்தி இலக்கியத்தையும் உருதுவையும் பல பத்தாண்டுகளாகப் படித்து எழுதி வருபவர். கையில் செல்லுபடியாகும் விசா இருந்தது. குடியேற்ற அதிகாரிகள் உள்ளே விடவில்லை. காரணம் எதுவும் தனக்குச் சொல்லப்படவில்லை என்றார். விசா நிபந்தனைகளை முன்பு மீறியிருக்கிறார் என்று அரசு வட்டாரம் பின்னர் பத்திரிகைகளிடம் சொன்னது. 1969ல் மாண்டெலுக்குச் சொன்ன அதே காரணம். 1920 முதல் 1940 வரை ஹிந்தியில் பொது விவாதம் எப்படி வளர்ந்தது என்பது பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் ஹிந்தி மாணவர்களுக்கு இன்றும் பாடம். அன்றிரவே அவரை விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.